நாலாவது பிடி

கார்ஜ் லே கொனெஸ்
12.12.2010

அன்புள்ள சாரதா அக்காவுக்கு,

தம்பி தவரத்தினம் எழுதுகிறேன். நானும் பிரவீணாவும் மகள் சுபாங்கியும் இங்கே சுகம். உங்கள் காது எப்படி? ஷெல் விழுந்த நாளிலிருந்து உள்ளுக்குள் வண்டு இரைகிறது என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். போன் எடுத்தால் நான் கதைப்பது உங்களுக்கு விளங்குவதில்லை. நீங்கள் "ஆர்? ஆர்?" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கும் முடிவதில்லை. அதனால் இனிக் கடிதம்தான். ஐந்தாம் வகுப்போடு விட்டவன் எழுதுகிறேன், பிழை பார்க்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் மகன் கீர்த்தனனைப் பற்றி ஏதும் தகவல் உண்டா? கடைசிச் சண்டையில் பிள்ளையைத் தவறவிட்டு ஒன்றரை வருடமாகிவிட்டது. நான் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது அவனுக்கு நாலு வயது. இருபத்திரண்டு வயதுக் கீர்த்தனனை எனக்குப் படத்தில்தான் தெரியும்.

இங்கே பனி கொட்டுகிறது. எங்கள் வீடு கீழ்த்தட்டு. பின்பக்கம் நாலு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை, அதைச் சுற்றி வேலி. வேலிக்கு அங்காலே மார்சேல் என்றொரு பிரெஞ்சுக்காரர். முன்பு பஸ் ஓட்டினவர், என் வயதுதான். போன கிழமை குருவிகள் பனிக்குள் ஒடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. மிஞ்சிக் கிடந்த இடியப்பத்தை உதிர்த்துப் போட்டேன். குருவி வரவில்லை, புறா வந்தது. ஒன்று இரண்டில்லை, கார்ஜில் உள்ள புறா முழுக்க வந்தது. கட்டடம் பார்க்கிற கார்தியன் வந்து கத்திவிட்டுப் போனான். பிரவீணா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்று, "இடியப்பம் போட்டனீங்கள், சொதியும் ஊத்தியிருக்கலாமே" என்றாள்.

மார்சேல் வேலிக்கு மேலால் ஒரு பை கறுப்புச் சூரியகாந்தி விதை நீட்டினார். பால் பெட்டியை வெட்டித் தட்டு மாதிரிச் செய்து கொப்பில் கட்டச் சொன்னார். கட்டினேன். பிறகு வந்ததுகளைப் பார்க்க வேண்டும் அக்கா. வெர்தியே என்று ஒன்று. பச்சை நிறம், தடித்த சொண்டு. தட்டில் ஏறினால் இறங்காது, மற்றதுகளை அண்டவும் விடாது. சங்கக்கடை வரிசையில் முன்னுக்கு நின்றுகொண்டு மூட்டைச் சீனி முழுவதையும் கேட்ட எங்கள் செபஸ்தியாம்பிள்ளையர் மாதிரியே. பின்சோன் என்று இன்னொன்று, அது மரியாதையானது. தட்டில் ஏறாது, கீழே சிந்துவதைப் பொறுக்கும். ஆணுக்குச் செங்கல் நிற நெஞ்சு. ஷார்தொன்றே என்பது குங்குமத்துக்குள் முகத்தைத் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும். பெயர்களை மார்சேல் சொல்வார், மகள் தமிழில் எழுத்துக்கூட்டித் தருவாள். நான் எண்ணி ஒரு கொப்பியில் குறிக்கிறேன். நேற்று வெர்தியே ஐந்து, பின்சோன் ஒன்பது.

மரக்கறிக் கடை வேலைக்குப் போக ரயிலுக்கு நேரமாகிறது. பதில் போடுங்கள்.

தம்பி
தவம்


தருமபுரம்
23.1.2011

தம்பி தவத்துக்கு,

நான் இருக்கிறேன். காது அப்படியே. தகரத்தால் ஒரு கொட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள், மழைக்கு ஒழுகாது.

கீர்த்தனனைப் பற்றித் தகவல் இல்லை. போன கிழமை ஓர் உத்தியோகத்தர் பத்திரம் கொண்டுவந்தார். கையெழுத்து வைத்தால் மரண அத்தாட்சி எழுதித் தருவார்களாம். "அம்மா, கனகாலம் ஆச்சுது" என்றார். "நீங்கள் பாத்தனீங்களோ தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றார். "நானும் பாக்கேல்லை. பாக்காததை எப்பிடி எழுதுறது?" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளை எங்கேயோ ஒரு முகாமில் இருக்கிறான். எந்த முகாம் என்பதுதான் தெரியவில்லை. படத்தைக் கொண்டு திரிகிறேன்.

செபஸ்தியாம்பிள்ளையர் வரும் இடத்தில் சிரித்தேன். சிரித்துக் கனநாள். எழுது.

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
6.3.2011

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம். பிரவீணாவுக்கு முழங்கால் நோ, அது குளிர் போகப் போய்விடும்.

நீங்கள் எழுதச் சொன்னீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து கடையில் வெண்டிக்காய் அடுக்கும்போதும் என்ன எழுதலாம் என்றுதான் யோசனை. முதலாளி ஒருநாள், "தவத்தண்ணை, பச்சைமிளகாய்ப் பெட்டிக்குள்ளை பாவக்காய் கிடக்குது, ஆரைக் காதலிக்கிறியள்?" என்று கேட்டார். குருவியை என்றேன். கடை சிரித்தது.

பின்சோனில் இன்னொரு சாதி உண்டு. வடக்குப் பின்சோன் என்று பெயர். பனி மூடின தூரதேசங்களிலிருந்து மாரிக் குளிருக்கு மட்டும் வரும். நெஞ்சு தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். மாசி மாதம் முழுக்க எங்கள் தட்டுக்குக் கீழே ஏழு நின்றன. யன்னலிலிருந்து பத்தடி இருக்காது. தினமும் பார்த்துக் கொப்பியில் ஏழு, ஏழு என்று எழுதினேன்.

மார்சேல் அதைப் பற்றி ஒரு கதை சொன்னார். வடக்குப் பின்சோன் எல்லா வருடமும் வராதாம். அங்கே காட்டில் காய் நிறைந்திருந்தால் வராதாம். சில வருடம் வானம் மறைக்க வருமாம், சில வருடம் ஒன்றுகூட இல்லையாம். இரண்டு மூன்று மாரி காணாமல் இருந்துவிட்டுப் பிறகு வருமாம். வராத வருடம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம் என்றார்.

அதைக் கேட்டதும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை.

தம்பி
தவம்


தருமபுரம்
8.5.2011

தம்பி தவத்துக்கு,

சுகம். பிரவீணாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லு.

நீ எழுதினதைப் பத்துத்தரம் வாசித்தேன். வராத வருடம் செத்தது என்று அர்த்தமில்லை என்ற இடத்தை. நேற்று ஒரு அலுவலகத்தில் நாங்கள் முப்பது தாய்மார் இருந்தோம். பெரிய குரல் இல்லாதவள் நான், எழும்பி நின்று அதை வாசித்தேன். ரோசாலி என்றொரு மனுசி, இரண்டு பிள்ளைகளைத் தேடுகிறவள், கடிதத்தைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டு போனாள்.

அந்த ஏழும் இப்போது எங்கே?

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
20.11.2011

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. மன்னியுங்கள். சுகமில்லாமல் இல்லை, சுகம்தான். உங்கள் காது எப்படி? கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டியாயிற்றா? மழை தொடங்கியிருக்குமே.

ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அந்த ஏழும் வடக்குப் பின்சோன் இல்லை. போன கிழமை மார்சேலை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்து யன்னலடியில் இருத்தினேன். "அங்கை பாருங்கோ, என்ரை வடக்கத்தையார் திரும்பி வந்திட்டினம்" என்று பெருமையாகக் காட்டினேன். மனுசன் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். அதெல்லாம் இங்கே இருக்கிற சாதாரணப் பின்சோனாம். செங்கல் நிறத்தை நான் தோடம்பழ நிறம் என்று எடுத்திருக்கிறேன். நிறத்தை நம்பக்கூடாதாம். வெயிலுக்கு ஒரு நிறம், மப்புக்கு ஒரு நிறமாம். எழும்பிப் பறக்கும்போது இடுப்பைப் பார்க்க வேண்டுமாம். வடக்குப் பின்சோனுக்கு அங்கே வெள்ளை இருக்கும். அந்த அடையாளத்தைக் காணாமல் பெயர் சொல்லக்கூடாது என்றார். ஒரு மாரி முழுக்கப் பிழையாக எழுதியிருக்கிறேன். கொப்பியில் எல்லா ஏழையும் வெட்டினேன். ரோசாலியிடமும் சொல்லிவிடுங்கள். ஆனால் வராமல் இருந்துவிட்டு வரும் என்ற கதை உண்மைதான்.

வேறென்ன. கடைக்குப் புதிதாக ஒரு பெடியன் வேலைக்கு வந்திருக்கிறான். யோகநாதன் என்று பெயர். வன்னிப் பெடியன். கீர்த்தனனைத் தெரியுமாம், கடைசிக் காலத்தில் ஒன்றாக இருந்தார்களாம். கடை பூட்டின பிறகு இருவரும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மேலும் கீழுமாக நடந்து கனநேரம் கதைத்தோம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

வெர்தியேயின் அட்டகாசத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வருடம் எட்டு வருகின்றன. தட்டில் ஒன்றிருந்தால் மற்ற ஏழும் கொப்பில் இருந்து அதை ஏசுகின்றன. கேட்டால் கோயில் நிர்வாகக் கூட்டம் மாதிரி இருக்கும். ஒன்று இறங்க ஒன்று ஏறும், ஏறினதும் அதுவும் பழைய தலைவர் மாதிரியே ஆகிவிடும். தாள் முடிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
தவம்


தருமபுரம்
3.1.2012

தம்பி,

சுகம்.

யோகநாதன் என்ன சொன்னவன்?

நீ சின்னனில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தால் வீட்டுக்கு வந்து வழியில் கண்ட மாட்டைப் பற்றியும் வண்டிலைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் சொல்லுவாய். அம்மாவுக்கு விளங்காது. எனக்கு விளங்கும்.

என்ன சொன்னவன் என்று எழுது.

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
21.10.2012

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தோம். கடிதம் போடாமல் ஒன்பது மாதம் போய்விட்டது. கடையில் ஆள் குறைவு. யோகநாதனும் வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்குப் போய்விட்டான். நாங்கள் இப்போது சந்திப்பது குறைவு.

போன மாசியில் என்ன குளிர் தெரியுமா? குழாய் உறைந்தது. மார்சேலின் காரைச் சுடுதண்ணீர் ஊற்றித் திறந்தோம். அந்தக் குளிருக்குள்தான் உண்மையான வடக்குப் பின்சோன் வந்தது. இரண்டு. இம்முறை நான் அவசரப்படவில்லை. மூன்று நாள் யன்னலடியில் கதிரை போட்டு இருந்தேன். பிரவீணா, "பெண்பாக்கப் போன மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்" என்றாள். நாலாம் நாள் பூனை பாய்ந்து இரண்டும் எழும்பினதில் இடுப்பு வெள்ளையைக் கண்டேன். அதன் பிறகுதான் கொப்பியைத் திறந்தேன். ஒரு நாளும் இவ்வளவு நிம்மதியாக இரண்டு என்று எழுதியிருக்கமாட்டேன்.

இந்த வருடம் குருவிகள் நேரத்தோடு வந்துவிட்டன. மாளய அமாவாசைக்கே பத்துப் பன்னிரண்டு பின்சோன் நின்றது. அன்று ஒரு வேடிக்கை. பிரவீணா விடியப் படைத்தாள், மரக்கறி ஆறு, பாயாசம், வடை. வாழையிலை எங்கள் கடையிலிருந்து கொண்டுவந்தது. நான் இலையைப் புல்தரையில் வைத்து, அம்மா வைக்கிற மாதிரியே ஆளுக்கு ஒரு பிடி சோறு வரிசையாக வைத்துவிட்டு கா, கா என்று கூப்பிட்டேன். மார்சேல் வேலிக்கு அங்காலே நின்று தொப்பியைக் கழற்றினார், பூசை என்று நினைத்திருப்பார். இந்த ஊர்க் காகம் பெரிது, அண்டங்காகம் மாதிரி. வந்து முதல் பிடியை எடுத்தது. இரண்டாவதை எடுத்தது. மூன்றாவதை எடுக்கும்போது அந்த வெர்தியே, சின்னப் பயல், நாலாவதில் வந்து ஏறி நிற்கிறான். காகம் பார்க்கிறது, இவன் இறங்கமாட்டேன் என்கிறான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம். கடைசியில் காகம் ஒரு கொத்துக் காட்ட இவன் ஓடிவிட்டான். காகம் நாலையும் எடுத்ததைக் கண்டபிறகுதான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

சுபாங்கி இந்த வருடம் பெரிய வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இருவரும் கோபமில்லாமல் இருக்கிறோம். உங்கள் பதிலைப் பார்த்திருப்பேன்.

தம்பி
தவம்


தருமபுரம்
18.11.2012

தம்பி,

அம்மா ஆளுக்கு ஒரு பிடிதான் வைப்பா.

அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. உன்ரை அத்தானுக்கு ஒன்று.

நாலாவது பிடி ஆருக்கு வைத்தனீ?

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
9.12.2012

அக்கா,

இந்தக் கடிதத்தில் குருவி இல்லை.

நாலாவது பிடி கீர்த்தனனுக்கு. வைக்கும்போது வாய்க்குள் அவன் பெயரையும் சொன்னேன். பிரவீணாவுக்கும் தெரியாது.

யோகநாதன் சொன்னதை எழுதுகிறேன். அவனும் கீர்த்தனனும் ஒரே பங்கருக்குள் பதினொரு நாள் இருந்தார்களாம். நீங்கள் காது காயத்தோடு, காயக்காரரை ஏற்றின கப்பலில் போன பிறகு. அது நடந்தது மே மாதம் தொடங்கி ஒரு கிழமையிலாம். ஒருநாள் பின்னேரம் கீர்த்தனன் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு போனானாம். போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஷெல் விழுந்ததாம். ஓய்ந்த பிறகு யோகநாதன் தேடிப் போனானாம். வழியில் நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் குப்புற. பக்கத்தில் கான். அவனே கையால் மண் தோண்டி மூடினானாம். அடுத்தநாள் எல்லாரும் சிதறிவிட்டார்கள். "அண்ணை, அவன் திரும்பி வரேல்லை" என்றான். நாங்கள் நடந்த அந்தத் தெருவின் பெயரைக்கூட இன்று எழுதக் கை கூசுகிறது.

ஒரு வருடம் இதை உங்களிடம் மறைத்தேன். நீங்கள் முப்பது தாய்மாருக்கு முன்னால் என் கடிதத்தை வாசித்த பிறகு எப்படி எழுதுவேன்? மாளயம் வந்தது. அப்பா, அம்மா, அத்தான் மூன்று பேருக்கும் வைத்தேன். பிள்ளை பசியோடு நிற்பான் என்று தோன்றியது. மண் போட்டவன் ஒரு சிநேகிதன், சோறு வைக்க மாமன்கூட இல்லாமல் போகக்கூடாது என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

ஏச வேண்டுமானால் ஏசுங்கள். பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தவம்


தருமபுரம்
13.1.2013

தம்பி,

நான் எழும்பி நடமாடுகிறேன்.

உயிரோடு இருக்கிறவனுக்குச் சோறு வைத்துவிட்டாய். அம்மா இருந்திருந்தால் உன் கையைச் சுட்டிருப்பா.

யோகநாதன் முகத்தைப் பார்த்தவனோ? நீ எழுதவில்லை. நீ எழுதாததைத்தான் நான் முதலில் வாசிக்கிறது. குப்புற என்று எழுதியிருக்கிறாய், திருப்பினான் என்று எழுதவில்லை.

நீலச் சேட்டை நான்தான் வாங்கினேன். புதுக்குடியிருப்புக் கடையில் ஒரே கொடியில் இருபது நீலச் சேட்டுத் தொங்கியது. மற்றப் பத்தொன்பதையும் ஆர் ஆர் போட்டார்கள்? தண்ணீர்க் கான் இல்லாமல் அந்த நாட்களில் ஆர் திரிந்தது?

கண்ணாடி யன்னலுக்கு அங்காலே, பத்தடியில், சண்டையில்லாத ஊரில், கதிரையில் இருந்து பார்த்து நீ ஒரு மாரி முழுக்கப் பிழையான பெயர் எழுதினாய். அவன் புகைக்குள்ளே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவன். அவனுக்குச் சரியாய்த் தெரியும் என்று நீ எப்படி எடுத்தாய்?

கேட்டு எழுது.

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
3.3.2013

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் கொண்டு போய் யோகநாதனைப் பிடித்தேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்கிறான். கொத்துரொட்டித் தகட்டுக்கு முன்னால் நின்றபடியே முழுவதையும் வாசித்தான். வாசித்துவிட்டு என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே வெங்காய மூட்டையில் இருந்து கதைத்தோம். ஒருவரையொருவர் பார்க்காமல்தான் கதைத்தோம்.

அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். முகத்தாலை சொல்ல ஏலாது என்றான். திருப்பினவன்தான், ஆனால் முகம் முகமாய் இல்லையாம். சேட்டையும் கானையும் வைத்து அவன்தான் என்று எடுத்தானாம். திரும்பி வராததால் அது நிச்சயம் என்று நினைத்தானாம். "அம்மா கேக்கிறது சரி. நான் இவ்வளவு காலமும் என்னை நானே அப்பிடிக் கேக்கேல்லை" என்றான்.

பிறகு சொன்னான், "மண்ணுக்குள்ளை வைக்கேக்கை சேட்டு விலகினது. உடம்பிலை ஒரு அடையாளம் கண்டனான். இண்டைக்கும் கண்ணுக்குள்ளை நிக்குது."

என்ன அடையாளம் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றான். எனக்குக் கோபம் வந்தது, கையைப் பிடித்தேன். அவன் இழுக்கவில்லை. "நான் முதல் சொன்னால் அவ மனம் நொந்து ஓம் எண்டும் சொல்லுவா, ஆசையிலை இல்லையெண்டும் சொல்லுவா. அவ முதல் எழுதட்டும் அண்ணை. நான் கண்டதும் அவ எழுதுறதும் ஒண்டெண்டால் ஒண்டு. இல்லையெண்டால், நான் புதைச்சது உங்கடை மருமோனை இல்லை" என்றான்.

அக்கா, எனக்கு ஒரு அடையாளமும் தெரியாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் தோளில் ஏறியிருந்து தலைமயிரைப் பிடித்து இழுப்பான், அதுதான் ஞாபகம். உங்களுக்குத் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியாமல் இராது. அவன் உடம்பில் என்ன இருந்தது, எந்த இடத்தில் இருந்தது, ஒரு வரி எழுதுங்கள். நான் அதை யோகநாதனிடம் காட்டுகிறேன். அவன் சொல்வதை அப்படியே உங்களுக்கு எழுதுவேன், வளைக்கமாட்டேன். இது முடிந்தால் நீங்களும் நானும் ஒரு பக்கமாக நிற்கலாம். இப்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டுக்கு விதை போடக்கூட மறந்துபோகிறேன், மார்சேல்தான் எட்டிப் போடுகிறார்.

அந்த ஒரு வரியைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி
தவம்


தருமபுரம்
28.4.2013

தம்பி தவத்துக்கு,

சுகம். வெயில் கொளுத்துகிறது. கல்வீடு கட்டித் தருவோம் என்று அளந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

அடையாளம் இருக்கிறது. பிறந்த அன்று மருத்துவிச்சி தூக்கிக் காட்டினவ. பிறகு உன் அத்தான் பார்த்தவர். இரண்டு பேரும் இப்போது இல்லை. இந்த உலகத்தில் அதை அறிந்த ஆள் நான் மட்டும்தான்.

உன் கடிதம் வந்த அன்றே பேனையை எடுத்தேன். முதல் நாள் உன் பெயரை மட்டும் எழுதினேன். அடுத்த நாள் இடத்தை எழுதினேன், எந்தப் பக்கம், என்ன அளவு என்றும் எழுதினேன். உறைக்குள் வைத்து ஒட்டித் தபாற்கந்தோருக்கும் கொண்டு போனேன். சனம் நின்றது. என் முறை வந்தது. முத்திரை குத்துகிற பிள்ளை கையை நீட்டினாள். நான் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்து அடுப்பில் வைத்துவிட்டேன். அதனால்தான் பிந்தினது.

அதைப் பார்த்து யோகநாதன் இல்லை என்று சொன்னால், நான் இன்றைக்கு இருக்கிற மாதிரியேதான் இருப்பேன், படத்தைக் கொண்டு அலைவேன். ஓம் என்று சொன்னால் விடிய எழும்பி எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. அதனால் நான் அதை எழுதமாட்டேன். நீயும் இனிக் கேட்காதே. நீ என் பக்கமும் நிற்க வேண்டாம், அந்தப் பக்கமும் நிற்க வேண்டாம். தம்பியாய் இரு, அது போதும்.

யோகநாதனிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லு. அந்த நேரத்தில் ஓடித் தப்பாமல் நின்று ஒரு பிள்ளைக்குக் கையால் மண் போட்டிருக்கிறான். அவனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பிரவீணாவின் கையால் ஒரு நேரச் சாப்பாடு கொடு. குசினியில் நிற்கிறவர்கள் ஒழுங்காய்ச் சாப்பிடுவதில்லை.

உன்னை ஏசினேன். அதைப் பற்றிக் கனநாள் யோசித்தேன். அவன் மூடினது ஆரோ ஒரு தாயின் பிள்ளையைத்தானே. அவளுக்கு இடமும் தெரியாது, நாளும் தெரியாது, சோறு வைக்கவும் தெரியாது. என்னைப் போல ஏதோவொரு வரிசையில் படத்தோடு நிற்பாள், சிலவேளை எனக்குப் பக்கத்திலேயே நிற்பாள். வருகிற மாளயத்துக்கும் நாலாவது பிடியை வை. வழக்கம்போல வை, காகம் எடுக்குமட்டும் நின்று பார்.

பேர் மட்டும் சொல்லாதே.

அக்கா
சாரதாதேவி